ராக் கச்சேரிப் படம் எடுப்பது தொழிலாக நிற்குமா? மூன்று பாட்டுக்குள் என்ன செய்வது?

கேள்வி: கரிச்சான்

ஜிம் மார்ஷல், பாரன் வுல்மன், மிக் ராக் போன்றவர்கள் எடுத்த படங்கள் ஐம்பது வருஷம் தாண்டியும் விலைக்குப் போகின்றன. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மூன்று பாட்டு மட்டும்தான், ஃபிளாஷ் கூடாது, அதற்கப்புறம் வெளியே போய்விட வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள், பத்திரிகைச் சம்பளமா?

இன்னொன்று. 24-70, 70-200 இரண்டும் எஃப் 2.8 லென்ஸ். கிளப்பில் எடுத்தால் முகம் ஒரே சிவப்பாக, மெழுகு பூசிய மாதிரி வருகிறது. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை. எங்கே தப்பு?

பதில்: இருட்டறை

சம்பளமே இல்லை. 1967-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஆரம்பித்தபோது வுல்மன் கூலி வேண்டாம் என்றார். படம் என்னுடையது, நீங்கள் வேண்டிய மட்டும் போட்டுக்கொள்ளலாம், இதுதான் பேச்சு. அங்கே அவர் இருந்தது சுமார் மூன்று வருஷம். அதில் சேர்ந்த நெகட்டிவ்கள்தான் பிரிண்டாக, புத்தகமாக, கண்காட்சியாக, 2020-ல் அவர் இறக்கும்வரை கூடவே வந்தன. அன்றைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு உரிமையைக் கொடுத்திருந்தால் அந்தச் சம்பளத்தோடு கதை முடிந்திருக்கும்.

மார்ஷலின் பிடிவாதம் வேறு மாதிரி. மேடைக்குப் பின்னால், அறைக்குள், எங்கும் போக அனுமதி இல்லையென்றால் வேலையையே எடுக்கமாட்டார். 1966 ஆகஸ்ட் 29 அன்று கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸின் கடைசிக் கட்டணக் கச்சேரி, 1969-ல் சான் குவென்டின் சிறையில் ஜானி கேஷ், எல்லாம் அப்படி வந்தவை. கையில் லைக்கா கேமரா, உள்ளே ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். 400 வேக ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவிடுவது அன்றைய மேடைப் படக்காரர்களின் வழக்கம். ஆனால் நிழலில் பதியாத விவரத்தை எந்த டெவலப்பரும் கொண்டுவராது; முகத்தின் வெளிச்சப் பகுதி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தக் காலத்துப் படங்களில் பின்னணி கரியாகவும் முகம் பளிச்சென்றும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பென்னி ஸ்மித்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1979-ல் நியூயார்க் பல்லேடியத்தில் த கிளாஷ் குழுவின் பால் சிமொனன் பேஸ் கிட்டாரைத் தரையில் அடிக்கும் படம், ஃபோகஸ் தவறியது. அதை ஆல்பத்தின் அட்டையில் போட வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான்; கடைசியில் அட்டையில் வந்தது அதே படம். அதனால் பிட்டில், அதாவது மேடைக்கு முன்னால் படக்காரர்கள் நிற்கும் இடத்தில், நின்றுகொண்டு எதையும் அழிக்காதீர்கள்.

பதில்: மூன்றாம்பாட்டு

மெழுகு முகத்துக்குக் காரணம் எல்இடி. சிவப்பு விளக்கு மட்டும் எரியும்போது சென்சாரில் சிவப்பு சேனல் நிரம்பி வழியும், பச்சையும் நீலமும் காலியாக இருக்கும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஒற்றை வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) இது தெரியாது. மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிவதை வையுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். ரா ஃபைலில் மட்டும் எடுங்கள், ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வின் பக்கம் நிறுத்திவிடுங்கள். நிரம்பி வழிந்த சேனலைப் பிறகு மீட்க முடியாது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் ஓரளவு தேறும்.

கறுப்புப் பட்டை, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரின் வேலை. எல்இடியை மங்கலாக்கும்போது அது நொடிக்குப் பல நூறு முறை அணைந்து எரிகிறது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அணைந்த நேரத்தில் படித்த வரிகள் கறுப்பாகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். அப்போதும் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/200 அல்லது 1/160 நொடிக்கு இறக்குங்கள்.

பெரிய மேடைக்கு ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/320-ல் ஆரம்பிக்கலாம். கிளப்புக்கு அந்த ஜூம் போதாது, 50 மி.மீ. எஃப் 1.8, ஐஎஸ்ஓ 6400, 1/200. டிரம்மர் குச்சி உறைந்து நிற்க 1/500 வேண்டும். மீட்டரை முழுச் சட்டத்துக்கு விட்டால் கறுப்புப் பின்னணியைப் பார்த்து ஏமாந்து முகத்தை வெளுக்கவைக்கும். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் வைத்து முகத்தில் அளந்து மேனுவலில் பூட்டிவிடுங்கள்.

பாடகருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், மைக் வாயையும் தாடையையும் மறைக்கும். பக்கவாட்டில் இரண்டு அடி தள்ளி நின்று, பாட்டின் ஒரு வரி முடிந்து மைக்கிலிருந்து முகம் விலகும் கணத்தில் அழுத்துங்கள். முதல் பாட்டில் விளக்கு பெரும்பாலும் மந்தமாகவே இருக்கும். அதைக் குழு முழுவதற்கும் அகலமான படத்துக்கு வைத்துக்கொண்டு, நெருக்கமானவற்றை அடுத்த இரண்டில் எடுங்கள்.

லேசர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரக் கோடு விழும். மிரர்லெஸ் கேமராவில் சென்சார் எப்போதும் திறந்தே இருப்பதால் ஆபத்து அதிகம். காதடைப்பான் கட்டாயம்: 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான், பிட் அதைவிடச் சத்தமாக இருக்கும்.

கரிச்சான்

மிக்க நன்றி. படம் எடுக்க அனுமதிக்கும் பாஸ் வாங்கும்போது ஒரு ஒப்பந்தத்தை நீட்டுகிறார்களே, அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முன்வரிசை

மூன்று வரிகளைத் தேடுங்கள். படத்தின் காப்புரிமை குழுவுக்குப் போகிறதா. ஒரே பத்திரிகையில் ஒரே முறைதான் போடலாமா. போடுமுன் அவர்கள் சம்மதம் வேண்டுமா. முதல் வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 2015-ல் ஃபூ ஃபைட்டர்ஸ் ஒப்பந்தத்தை வாஷிங்டன் சிட்டி பேப்பர் ஏற்க மறுத்து, ரசிகர்களிடம் படம் வாங்கிக்கொள்கிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தது.

இருட்டறை சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும், அது அமெரிக்க நிலவரம். அங்கே சுயேச்சையாக எடுப்பவர் எழுதிக்கொடுக்காதவரை பொதுவாக உரிமை அவருடையதுதான். இந்தியாவில் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு குழு உங்களை அமர்த்தினால், உரிமை ஃபோட்டோகிராஃபருக்கே, குழு விளம்பரத்துக்கும் இணையத்துக்கும் பயன்படுத்தலாம் என்று முன்பணம் வாங்குமுன் மெயிலில் எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பாஸுக்கு குழுவின் பி.ஆர். (பத்திரிகைத் தொடர்பு) ஆளிடம் மூன்று நான்கு வாரம் முன்னால், எந்தப் பத்திரிகைக்கு என்ற கடிதத்தோடு கேளுங்கள். ஒப்பந்த வாசகத்தை அப்போதே அனுப்பச் சொல்லுங்கள். கச்சேரி அன்று வாசலில் காகிதத்தை நீட்டுகிறவருக்கு ஒரு வரியைக்கூட அடிக்க அதிகாரம் இருக்காது.