லினக்ஸ் மின்ட், 2 ஜிபி ரேம், பழைய லேப்டாப்: மெனு திறக்கவே பத்து விநாடி ஆகிறது

கேள்வி

பென்டியம் பி960 பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். போட்டிருப்பது லினக்ஸ் மின்ட் 21.3, சின்னமன் டெஸ்க்டாப். பவர் பட்டனை அழுத்தி டெஸ்க்டாப் வர நாலு நிமிடம். வந்த பிறகும் மெனுவை அழுத்தினால் பத்து விநாடி கழித்துத்தான் திறக்கிறது. விண்டோவைப் பிடித்து இழுத்தால் விட்டு விட்டு நகர்கிறது. ஃபயர்பாக்ஸில் மூன்று டேப் தாண்டினால் மவுஸ் அம்பே உறைந்துவிடும், டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரியும்.

செய்து பார்த்தது: பிளீச்பிட் (குப்பைக் கோப்புகளை அழிக்கும் மென்பொருள்) ஓட்டினேன், அனிமேஷனை எல்லாம் நிறுத்தினேன், ஸ்வாப்பினஸை (ரேமில் இருப்பதை எவ்வளவு தாராளமாக ஸ்வாப் என்ற மாற்று இடத்துக்குத் தள்ளலாம் என்ற எண்) 10 ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டனும் வேலை செய்யவில்லை, எழுத்துகூட கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது. அது கிடக்கட்டும், வேகம் வந்தால் போதும். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் போட்டால் சரியாகுமா, இல்லை காயலான் கடைக்குத்தானா?

பதில் 1

2 ஜிபிக்கு சின்னமன் தாங்காதுங்க. மின்ட்-மெட்டா-எக்ஸ்எஃப்சிஇ பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிட்டு, லாகின் திரையில பேருக்குப் பக்கத்துல இருக்கற சின்ன ஐகானை அழுத்தி எக்ஸ்எஃப்சிஇ செஷனைத் தேர்ந்தெடுங்க. சின்னமனை அழிக்க வேண்டாம். ஓடாத டெஸ்க்டாப் டிஸ்க்ல இடம் பிடிக்குமே தவிர ரேமைத் தின்னாது. ஸ்வாப்பினஸ் 10 சரிதான், 1 கூட வைக்கலாம்.

பதில் 2

எக்ஸ்எஃப்சிஇ பிறகு பார்க்கலாம். "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்ட இடத்தில்தான் பாதிக் கோளாறு இருக்கிறது. வெளிச்சப் பட்டன் செத்திருக்கிறது, எழுத்து அகலமாகத் தெரிகிறது, விண்டோ இழுத்தால் திணறுகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் திரை 1366 x 768 ஆக இருக்கும். டிரைவர் இல்லாமல் 1024 x 768 படத்தை அதில் இழுத்துப் பரப்பியிருக்கும். அதனால்தான் அகலம்.

டெர்மினலில் இந்த நாலையும் ஓட்டி வருவதை இங்கே போடுங்கள்:

1. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ, மைனஸ் பெரிய பி. அதில் ரெண்டரர் என்ற வரி மட்டும் போதும். கமாண்ட் இல்லை என்று சொன்னால் மெசா-யூடில்ஸ் பேக்கேஜில் இருக்கிறது.
2. கேட், இடைவெளி, /ப்ராக்/சிஎம்டிலைன்.
3. ஃப்ரீ, மைனஸ் ஹெச். ஃபயர்பாக்ஸில் மூன்று டேப் திறந்திருக்கும்போதே ஓட்டுங்கள்.
4. டாப். மேலே சிபியு வரியில் டபிள்யூஏ என்ற எண். விண்டோவை இழுக்கும்போது ஒரு தடவை, உறையும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும். டபிள்யூஏ என்றால் பிராசசர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்.

கேட்டவர்

ரெண்டரர்: எல்எல்விஎம்பைப், 128 பிட்ஸ்.
சிஎம்டிலைன் கடைசியில்: கொயட் ஸ்பிளாஷ் நோமோட்செட்.
ஃப்ரீ: மொத்தம் 1.8 ஜிபி, அவைலபிள் 190 எம்பி. ஸ்வாப் 2 ஜிபியில் 1.2 ஓடுகிறது.
டாப்: விண்டோவை இழுக்கும்போது சின்னமன் 170 சதவீதம், டபிள்யூஏ 5. உறையும்போது டபிள்யூஏ 82.

இன்ஸ்டால் செய்தபோது யூஎஸ்பியில் இருந்து திரை கறுப்பாக வந்தது. ஒரு வீடியோவில் சொன்னபடி நோமோட்செட் சேர்த்தேன். 2 ஜிபி போட்டால் 1.8 ஏன் காட்டுகிறது?

பதில் 2

அந்த 0.2, கிராஃபிக்ஸுக்கு பயாஸ் ஒதுக்கியதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்துக்கொண்டதும். அது எல்லா லேப்டாப்பிலும் உண்டு, விடுங்கள்.

நோமோட்செட்தான் முதல் குற்றவாளி. திரை மோடைக் கெர்னல் தொடவே கூடாது என்று அது சொல்கிறது. உடனே இன்டெல்லின் ஐ915 டிரைவர் ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு டெஸ்க்டாப்பின் ஒவ்வொரு நிழலையும் ஓரத்தையும் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் பிராசசரை வைத்தே வரைகிறது. இருப்பதே இரண்டு கோர். டாப் காட்டும் உச்சம் 200. அதில் 170 விண்டோ நகர்த்தவே போகிறது. இந்த நிலையில் எக்ஸ்எஃப்சிஇ போட்டிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும், கோளாறு அப்படியே உள்ளே கிடந்திருக்கும்.

கோப்பைத் திருத்தும் முன் ஒரு தடவை தற்காலிகமாகச் சோதியுங்கள். பூட் ஆகும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள் (யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒரே ஒரு தட்டு, இரண்டு தட்டினால் பூட்டைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் கமாண்ட் வரிக்குப் போய்விடும்). கிரப் மெனு வந்ததும் முதல் வரியில் நின்று இ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசியில் நோமோட்செட் இருக்கும். அந்தச் சொல்லை மட்டும் அழித்து எஃப்10. கறுப்புத் திரை வந்தாலும் பயமில்லை, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும்.

திரை ஒழுங்காக வந்தால் நிரந்தரமாக்குங்கள்: /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் டிஃபால்ட் என்று முடியும் சிஎம்டிலைன் வரியில் அதே சொல்லை அழித்துச் சேமித்து, சூடோ அப்டேட்-கிரப். இந்தக் கடைசி கமாண்டை மறப்பவர்கள் நிறைய. கோப்பைத் திருத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

கறுப்பாகவே வந்தால், அறையை இருட்டாக்கி டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தால் டிரைவர் ஏறிவிட்டது, பின்விளக்குதான் எரியவில்லை. நோமோட்செட் இருந்த இடத்தில் ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டர் என்று போட்டுப் பார்க்கலாம்.

கேட்டவர்

கறுப்பு வரவில்லை! திரை 1366 x 768, வெளிச்சப் பட்டன் வேலை செய்கிறது. ரெண்டரர் இப்போது மெசா இன்டெல் ஹெச்டி கிராஃபிக்ஸ் 2000. விண்டோ வழுக்கிக்கொண்டு போகிறது, மெனு இரண்டு விநாடியில் திறக்கிறது. ஆனால் ஃபயர்பாக்ஸ் மூன்று டேப், அதே உறைதல்.

பதில் 3

அது ரேம் பற்றாக்குறை. ஸ்வாப் 1.2 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் டிஸ்க் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு நூறு தடவைகூடத் தலையை நகர்த்தாது. விஎம்ஸ்டாட் 1 என்று ஓட்டி எஸ்ஐ, எஸ்ஓ இரண்டு பத்தியையும் பாருங்கள்; உறையும்போது இரண்டும் ஆயிரக்கணக்கில் குதிக்கும்.

காசு செலவில்லாத வழி இசட்ரேம். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கி வைக்கும் ஸ்வாப்பாக மாற்றுவது. இசட்ரேம்-டூல்ஸ் பேக்கேஜை ஏபிடியில் இன்ஸ்டால் செய்யுங்கள். /இடிசி/டிஃபால்ட்/இசட்ரேம்ஸ்வாப் கோப்பில் அல்கோ வரியை இசட்எஸ்டிடி என்றும் பர்சென்ட் வரியை 60 என்றும் மாற்றி, முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அந்த வரியே கணக்கில் வராது. பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் இசட்ரேம்ஸ்வாப். ஸ்வாப்ஆன் கமாண்டுக்கு இரட்டை மைனஸ் ஷோ சேர்த்துப் பாருங்கள்: இசட்ரேம் 100 முன்னுரிமையிலும் பழைய ஸ்வாப்ஃபைல் -2-லும் நிற்க வேண்டும். பழையதை அழிக்காதீர்கள், இசட்ரேம் நிரம்பினால் அதுதான் கை கொடுக்கும்.

எல்இசட்4 இன்னும் வேகமாகச் சுருக்கும், ஆனால் குறைவாகச் சுருக்கும். 2 ஜிபி லேப்டாப்பில் இடம்தான் தட்டுப்பாடு, அதனால் இசட்எஸ்டிடி.

பதில் 1

அப்படியே ஸ்வாப்பினஸ் 10-லயே இருக்கட்டும், ஸ்வாப்பையே தொடாம ஓடும்.

பதில் 3

இல்லை, இசட்ரேம் வந்த பிறகு அந்த 10 எதிர்வேலை செய்யும். ஸ்வாப்பைத் தொடாதே என்றால் கெர்னலுக்கு வேறு எங்கிருந்து இடம் கிடைக்கும்? கோப்புக் கேஷை (டிஸ்க்கில் படித்ததை ரேமில் வைத்திருக்கும் நகலை) தூக்கி எறியும். ஃபயர்பாக்ஸின் புரோகிராம் பக்கங்களும் அந்தக் கேஷில்தான் இருக்கின்றன. எறிந்ததைத் திரும்ப ஹார்ட் டிஸ்க்கில் இருந்து படிக்கும், மறுபடி எறியும். ஸ்வாப் குறைவாகவும் டபிள்யூஏ 80-ஆகவும் இருக்கும் வினோதம் இப்படித்தான் வருகிறது. கெர்னல் 5.8 முதல் ஸ்வாப்பினஸ் 200 வரை போகலாம் என்று வைத்ததே இசட்ரேம் மாதிரி வேகமான ஸ்வாப்புக்காகத்தான், மின்ட் 21.3-இல் இருப்பது 5.15. /இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 99-இசட்ரேம்.கான்ஃப் என்று ஒரு கோப்பு, அதில் இரண்டு வரி:

விஎம்.ஸ்வாப்பினஸ்=150
விஎம்.பேஜ்-கிளஸ்டர்=0

பேஜ்-கிளஸ்டர் சும்மா விட்டால் 3. அதாவது ஒரு பக்கம் கேட்டால் எட்டுப் பக்கம் எடுத்து வரும். சுழலும் டிஸ்க்குக்கு அது லாபம், ரேமுக்குள் வீண் வேலை. முன்பு எழுதிய 10 வரியைத் தேடி அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்குப் பிறகு பதில் 1-இல் சொன்னபடி எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறலாம், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அங்கே விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் வரையும் காம்போசிட்டரை அணைக்காதீர்கள். டிரைவர் இப்போது வேலை செய்கிறது, அணைத்தால் வீடியோவில் கிழிசல்தான் மிச்சம்.

கேட்டவர்

செய்தாயிற்று, எக்ஸ்எஃப்சிஇ-யும் போட்டேன். ஆறு டேப் வரை உறையவில்லை, டபிள்யூஏ 15-ஐத் தாண்டவில்லை. இரண்டு சந்தேகம். யூடியூப் 720-இல் இன்னும் வெட்டுகிறது. பூட் இன்னும் மூன்றரை நிமிடம். மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் போட்டால் வேகம் கூடும் என்று ஒருவர் சொன்னார், போடலாமா?

பதில் 2

போடாதீர்கள். இந்தத் தலைமுறை பிராசசருக்கு மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை உண்டு, அதை அடைக்கும் பூட்டைத்தான் அந்தச் சொல் கழற்றுகிறது. பிரவுசரில் வங்கி வேலை பார்க்கும் லேப்டாப்பில் அந்தப் பூட்டைக் கழற்ற வேண்டாம்.

யூடியூப்: தளம் அனுப்புவது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற வீடியோ வடிவம். உங்கள் சிப்பில் அவற்றை அவிழ்க்கும் வன்பொருள் கிடையாது, ஹெச்.264-க்கு உண்டு. ஹெச்264ஃபை என்ற ஆட்-ஆனைப் போட்டால் யூடியூப் ஹெச்.264-ஐயே தரும். கூடவே ஐ965-விஏ-டிரைவர் பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள்; ஐஹெச்டி என்ற புதிய டிரைவர் பிராட்வெல் என்ற இன்டெல் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளுக்கு ஆகாது. விஏஇன்ஃபோ ஓட்டினால் ஹெச்264 என்று வரிகள் வர வேண்டும்.

பூட்டுக்கு சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின் போடுங்கள். பிளேம் (ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தின் பட்டியல்) வேண்டாம்; பிளேமில் மேலே நிற்பது பல நேரம் யாரையும் காக்கவைக்காமல் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும்.

கேட்டவர்

யூடியூப் சரி. கிரிட்டிகல்-செயின் ஸ்வாப்.டார்கெட்டோடு நின்றுவிடுகிறது, நேரம் 1 நிமிடம் 30 விநாடி. பூட்டின்போது எஸ்கேப் அழுத்தினால் டிஸ்க்-பை-யூயூஐடி என்று ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பதாகக் காட்டுகிறது. முன்பு ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் இருந்தது, அழித்துவிட்டேன்.

பதில் 3

அழித்த பார்ட்டிஷனை எஃப்எஸ்டேப் (பூட்டின்போது எந்தெந்த பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) இன்னும் தேடுகிறது. சிஸ்டம்டி பொறுக்கும் நேரம் 90 விநாடி, அதுதான் அந்த ஒன்றரை நிமிடம். /இடிசி/எஃப்எஸ்டேப்-இல் அந்த யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) வரியின் முன்னால் # போடுங்கள். பிஎல்கேஐடி கமாண்ட் காட்டும் எண்களோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாத எண் உள்ள வரியை மட்டும். ரூட் வரியில் கை வைத்தால் பூட்டே ஆகாது.

இன்னொரு இடமும் பாருங்கள்: /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம். அதிலும் அதே பழைய எண் இருந்தால் ரெஸ்யூம்=நன் என்று மாற்றி, சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யு.

கேட்டவர்

இரண்டு இடத்திலும் இருந்தது. இப்போது 1 நிமிடம் 20 விநாடி. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ரேமா, எஸ்எஸ்டியா, முதலில் எது?

பதில் 2

உங்களுக்கு ரேம். எஸ்எஸ்டி போட்டால் பூட்டும் புரோகிராம் திறப்பதும் பறக்கும், ஆனால் 2 ஜிபியோடு அது ஸ்வாப்பைச் சுமந்துகொண்டே இருக்கும். வேண்டியது லேப்டாப் டிடிஆர்3, 1333, 1.5 வோல்ட், 4 ஜிபி ஒன்று. டிடிஆர்3எல் 1.5-லும் ஓடும், வாங்கலாம். வாங்கும் முன் சூடோ டிமிடிகோட் மைனஸ் டி மெமரி ஓட்டி இரண்டாவது ஸ்லாட் காலியா என்று பாருங்கள். காலி என்றால் பழைய 2 ஜிபியைக் கழற்ற வேண்டாம். 2+4 கலந்து ஓடும், முதல் 4 ஜிபி இரட்டைச் சேனலிலேயே (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிக்கும் முறை) ஓடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ரேம் வாங்கினால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுற்று ஓடும் வரை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது 2.5 இன்ச் சாட்டா. எஸ்எஸ்டியின் தடிமன் 7 மிமீ, உங்கள் டிஸ்க் 9.5 ஆக இருக்கும், மேலே 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டம் வைக்காவிட்டால் கனெக்டரில் ஆடும். டிவிடி டிரைவைக் கழற்றி அங்கே மாட்டச் சொல்வார்கள். அங்கே பழைய ஹார்ட் டிஸ்க் போகட்டும், எஸ்எஸ்டி அதன் இடத்துக்கு வரட்டும். டிவிடி போர்ட் பல லேப்டாப்களில் பாதி வேகம்தான். 320 ஜிபியை 240-க்குள் குளோன் செய்ய முயல்வதைவிட ஹோம் அடைவை நகல் எடுத்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வது சுலபம்.

இன்ஸ்டால் செய்யும்போது யூஎஸ்பி மறுபடி கறுப்பாக வரும். நோமோட்செட் போட்டே செய்யுங்கள், முடிந்ததும் கிரப் கோப்பில் இருந்து எடுத்துவிடுங்கள்.