புதுப்பிப்பு: புல்தரை மஞ்சளாவது, மண் பரிசோதனையில் பி.எச். 5.3 (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்)

எவ்வளவு உரம் போட்டும் புல் மஞ்சளாகிறது, பாசி படர்கிறது என்று எட்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூள் தூவும் யோசனைதான். 100 சதுர மீட்டருக்கு 15 கிலோ வீதம், மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை தூவினேன். பி.எச். இப்போது 6.2. ஜிப்சம் போடலாம் என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். அது கால்சியம் தரும், ஆனால் புளிப்பை மாற்றாது என்று இன்னொருவர் திருத்தியது சரி. பாஸ்பரஸ் ஏற்கெனவே அதிகம் என்று அறிக்கை சொன்னதால் பாஸ்பரஸ் நிறைந்த டி.ஏ.பி. உரத்தை அடியோடு நிறுத்திவிட்டேன்.

அப்புறம் பலன் தந்தது, இறுகிய தரையில் துளையிட்டு, சலித்த மட்கு உரத்தை அரை அங்குலத்துக்கும் குறைவாகப் பரப்பியது. மண்ணில் குத்திப் பார்த்தால், முன்பு இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்காத ஸ்க்ரூடிரைவர் இப்போது கைப்பிடி வரை இறங்குகிறது. ஈர மண்ணைப் பிட்டால் மண்புழு தெரிகிறது, அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராதது ஒன்று. சுவரோரம் மட்டும் மஞ்சள் மாறவில்லை. தோண்டினால் நான்கு விரற்கடை ஆழத்தில் பழைய சிமெண்ட் காரை. அங்கே தனியாகச் சோதித்ததில் பி.எச். 7.9! மண்ணில் இரும்புச்சத்து இருந்தும், இந்தக் காரத்தால் புல்லால் அதை எடுக்க முடியாத நிலை. அங்கேயும் சுண்ணாம்பு தூவியது என் தவறு. எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்பியதால் இது தெரியாமல் போயிற்று. வேறுபட்டுத் தெரியும் இடத்துக்குத் தனி மாதிரி எடுங்கள். காரையை அகற்றிக்கொண்டிருக்கிறேன்.