பல் செட்டில் முன்பல் கழன்று விழுந்த அனுபவம் யாருக்காவது உண்டா? (மும்பை)

செம்பூர் மகள்:
அப்பாவுக்கு 78 வயசு. மேல் செட் போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை, தட்டையைக் கடிச்சார், முன்பல் ஒண்ணு கையோட வந்துடுச்சு. செட் போட்ட கிளினிக்கிலேயே பிங்க் பொடியும் லிக்விடும் குழைச்சு ஒட்டிக் கொடுத்தாங்க. தீபாவளிக்குள்ள அதே பல் மறுபடியும் போச்சு. கேட்டா, "பெரியவர் கடினமா சாப்பிடுறார்"ங்கிறாங்க. அப்பாவுக்கு அதுதான் கோபம். "பல்லுன்னா கடிக்கத்தானேடி?"

சயான் லேப்காரன்:
நான் பல் செட் செய்யுற லேப் வெச்சிருக்கேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். விழுந்த பல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கம்மா. பிங்க் அக்ரிலிக் (பிளாஸ்டிக்) துண்டு ஒட்டிக்கிட்டு வந்திருந்தா ஒட்டு நல்லாத்தான் பிடிச்சிருக்கு, பல் உக்கார்ற பிங்க் தளம்தான் உடைஞ்சிருக்கு. மழமழன்னு இருந்தா முதல்லேர்ந்தே ஒட்டலை. தட்டை மேல பழி போட வேண்டாம்.

பல்லும் அக்ரிலிக், ஈறு மாதிரித் தெரியுற தளமும் அக்ரிலிக். தளத்துக்குப் பொடியோட குழைக்கிற லிக்விட், அதாவது மோனோமர், பல்லோட அடியில ஊறி இறங்கினாத்தான் ரெண்டும் ஒண்ணாகும். பீங்கான் பல்லுல அது நடக்காது, அதனாலதான் அதுக்குப் பிடிமானமா உலோக ஊசியும் துளையும் வெச்சாங்க. செட்டை முதல்ல மெழுகுல செஞ்சு, ஃப்ளாஸ்க்குங்கிற உலோக டப்பாவுல பிளாஸ்டர் அச்சு எடுப்போம். அந்த மெழுகு நடுவுல ஒரு படலம் இருந்தாப் போதும், லிக்விட் உள்ளே இறங்காது. ஃப்ளாஸ்க்கைத் திறந்து மெழுகை எடுத்ததும் பல் சுத்தமாத்தான் தெரியும். சோப்புப் போட்ட கொதிதண்ணியில பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்க, மேல எண்ணெய் மாதிரி மிதக்கும். அது நிக்கிற வரைக்கும் புதுசா கொதிதண்ணி ஊத்தணும். விரார் வரைக்கும் டப்பா அனுப்புற அவசரத்துல முதல்ல வெட்டு விழுறது இந்த ரெண்டாவது தண்ணிக்குத்தான். அடுத்து கோல்ட் மோல்ட் சீல். அக்ரிலிக் ஒட்டிக்காம இருக்க பிளாஸ்டர் அச்சுக்குப் பூசுற அந்த லிக்விட் பல் அடியில வழிஞ்சா அந்த இடம் அவ்வளவுதான்.

நான் பர் (ராவுற டிரில் முனை) வெச்சு அடியில இருக்கிற பளபளப்பை எடுத்துடுவேன். அச்சுல அக்ரிலிக் மாவை அடைக்கிறதுக்கு முன்னாடி 3 நிமிஷம் மோனோமர் காயாம பூசி வெப்பேன். அப்புறம் க்யூரிங், அதாவது சுடுதண்ணியில வெச்சு இறுக வைக்கிறது: 74 டிகிரியில 2 மணி நேரம், அப்புறம் 100ல ஒரு மணி நேரம். மோனோமர் கொதிக்கிறதே 100 டிகிரியை ஒட்டித்தான், நேரா கொதிதண்ணியில போட்டா தடிமனான இடத்துல குமிழி விழும். உங்களுக்கு ஒட்டினது செல்ஃப் க்யூர், சூடு இல்லாம தானா இறுகுறது. அது சீக்கிரம் இறுகிடும், ஊற நேரம் இருக்காது. அடியைச் சுரண்டாம ஒட்டியிருந்தா நிக்கிறது கஷ்டம்தான்.

மாட்டுங்கா மாமி:
எங்காத்துல இவர் சூப்பர் குளூ போட்டு ஒட்டிண்டுட்டார். பல் கோணலா உக்காந்து வாயே மூட முடியலை! அந்தப் பசையை ராவி எடுக்கறதுக்குத் தனியா காசு வாங்கினா.

முலுண்டு பல் டாக்டர்:
லேப்காரர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஒட்டு சரியா இருந்தும் ஒரே பல் திரும்பத் திரும்ப விழுந்தா கடிப்பைப் பார்க்கணும். கீழ்ப் பல் மேல் முன்பல்லைப் பின்னாலிருந்து தள்ளிக்கிட்டே இருந்தா எந்த ஒட்டும் நிக்காது. கலர் பேப்பரைக் கடிக்கச் சொன்னா எங்கே இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

இப்போ 3டி பிரிண்ட் செட் கேட்டு வர்றாங்க. அதுல தளம் தனி, பல் தனி, கடைசியில ஒட்டுறதுதான். பிரிண்ட் பண்ற ரெசின் (பிளாஸ்டிக் திரவம்) பழைய பிங்க் பொடி மாதிரி கிடையாது, வெறும் மோனோமர் தடவினா அதே மாதிரி இறங்காது. அலுமினா மணல் அடிச்சு சொரசொரப்பாக்கி, அந்தக் கம்பெனி சொல்ற ரெசினாலேயே ஒட்டணும். ஸ்கேனர் படத்தைக் காட்டி "புது டெக்னாலஜி, விழவே விழாது"ன்னு யாராவது சொன்னா, எதை வெச்சு ஒட்டுறீங்கன்னு கேளுங்க.

செம்பூர் மகள்:
டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு பிங்க் பொட்டுகூட இல்லை. சனிக்கிழமை செட்டையும் பல்லையும் எடுத்துக்கிட்டு சயான் வர்றோம் அண்ணாச்சி. கடை எத்தனை மணி வரைக்கும்?