தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் ‘முடியாது’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கேள்வி: கும்பகோணம் தையல்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், 11 வருஷமாக. ஒரு பவர் மிஷின், அம்மா கொடுத்த பழைய மிதி மிஷின் ஒன்று. உதவிக்கு ஆள் கிடையாது. வெட்டுவது, தைப்பது, ஹூக் கட்டுவது, அம்மிங் (ஓரத்தை மடித்துக் கையால் தைப்பது) எல்லாம் நானேதான். லைனிங் பிளவுஸுக்கு 350 ரூபாய் வாங்குகிறேன்.

வேலை வராத கவலை எனக்கு இல்லை. வருகிற துணியைத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை. வாசலில் பையோடு நிற்கிறவரைப் பார்த்தால் வாய் தானாகவே “சரிங்க, வச்சிட்டுப் போங்க” என்று சொல்லிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா, பையனின் டியூஷன் டீச்சர், வீட்டுக்காரரின் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் மனைவி. இவர்களில் யாரிடம் மாட்டேன் என்பது? இன்றைக்கு அலமாரியில் 41 பிளவுஸ் கிடக்கிறது. எதை யாருக்கு என்றைக்குத் தருவதாகச் சொன்னேன் என்பதே பாதி ஞாபகம் இல்லை.

இதை எழுத வைத்தது சென்ற வாரம் நடந்தது. ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு, பெண்ணின் அம்மா கட்டிக்கொள்ள வேண்டிய திருபுவனம் பட்டு. பிளவுஸ் பிட் புடவையோடு சேர்ந்து வந்தது. கரை கையில் வர வேண்டும். இரவு 1 மணிக்கு வெட்டினேன். காலையில் கை ஏற்ற எடுத்துப் பார்த்தால், இரண்டும் இடது கை. பட்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, திருப்பிப் போட வழியில்லை. ஒட்டுப் போடக்கூட மீதித் துணி இல்லை. புதிதாகத் தைக்கப் பழகும் பெண்கள் செய்கிற தப்பு இது. 11 வருஷத்தில் ஒரு தடவைகூட நான் செய்ததில்லை.

நேரில் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வேறு புடவையின் பிளவுஸைப் போட்டுக்கொண்டு மகள் கல்யாணத்தில் நின்றார். பத்திரிகை வைத்திருந்தார்கள், எனக்குப் போக மனம் வரவில்லை.

இனித் தீபாவளித் துணி வர ஆரம்பிக்கும். கழுத்து வலி தோள்பட்டைக்கு இறங்கிவிட்டது. பையன் பத்தாம் வகுப்பு. வாடிக்கையை விடாமல், யார் மனதையும் நோகடிக்காமல் எப்படி இல்லை என்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மதுரை கத்தரிக்கோல்

தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பட்டுத் துணியை வீணாக்கியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். நானும் செய்திருக்கிறேன்.

1978இல் மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்துத் தையற்கடை ஒன்றில், பட்டன் ஓட்டை தைக்கும் காஜா பையனாகச் சேர்ந்தவன் நான், 12 வயதில். அந்தத் தையற்கடைகள் எல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அதற்கு முன்பே நான் தனியாகக் கடை போட்டு வந்துவிட்டேன்.

1994 தீபாவளி. மூட்டை தூக்கும் ஒருவர் மூன்று வாரம் முன்னாலேயே பையனுக்குச் சட்டையும் டவுசரும் தைக்கத் துணி கொடுத்திருந்தார். நான் ஊரில் உள்ள துணியையெல்லாம் வாங்கிப் போட்டிருந்தேன். முதல் நாள் இரவு 10 மணிக்கு அவர் பையனோடு வந்தார். இதோ, இதோ என்றேன். பையன் கடை பெஞ்சிலேயே தூங்கிவிட்டான். விடியற்காலை மூன்றரைக்குச் சட்டை முடிந்தது, டவுசர் முடியவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுச்சட்டையும் பழைய டவுசருமாக அந்தப் பிள்ளை தீபாவளி கொண்டாடினான். போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: “அன்னைக்கே முடியாதுன்னா வேற இடத்துல குடுத்திருப்பேனே அண்ணே.”

முகதாட்சண்யத்துக்காக நான் சொன்ன ‘சரி’, மூன்று வாரம் கழித்துப் பொய்யாக மாறி அந்தப் பிள்ளை தலையில் விழுந்தது. வாங்கும்போது சொல்கிற ‘இல்லை’யால் ஒருவருக்கு அரை நிமிஷம் முகம் வாடும், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் உன்னால் ஒரு நாளைக்கு எத்தனை முடியும் என்று எண்ணு. மனசுக்குள் எண்ணாதே, கடிகாரத்தை வைத்து எண்ணு. லைனிங்கை நனைத்துக் காயப்போடுவதை விட்டுவிட்டால், வெட்ட 25 நிமிஷம், தைக்க ஒன்றரை மணி நேரம், ஹூக், அம்மிங், நாட் என்று கைவேலைக்கு 40 நிமிஷம். ஒரு பிளவுஸுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சமையல், பிள்ளை எல்லாம் போக 8 மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று பிளவுஸ். நான்கு என்று எழுதினால் நாலாவது பிளவுஸ் இரவு 1 மணிக்குத்தான் நடக்கும். அங்கேதான் இரண்டு இடது கை வரும்.

அப்புறம் ஒரு நோட்டுப் போடு. ஒரு பக்கம் ஒரு நாள். பக்கத்துக்கு மூன்று கோடு. துணி வாங்கும்போதே பெயரைக் கோட்டில் எழுது. கோடு தீர்ந்த பக்கத்தைத் தாண்டித்தான் அடுத்தவருக்குத் தேதி. வாரத்துக்கு இரண்டு கோட்டைக் காலியாக விடு. கரண்ட் போகும், காய்ச்சல் வரும், பிடித்துக் கொடுங்கள் என்று பழைய பிளவுஸ் திரும்பி வரும்.

தீபாவளிக்கு என் கணக்கைச் சொல்கிறேன். ஆயுத பூஜை வளர்பிறை நவமி, தீபாவளி தேய்பிறை சதுர்த்தசி. எந்த வருஷமானாலும் இரண்டுக்கும் நடுவே 20 நாளை ஒட்டித்தான் இருக்கும். இந்த வருஷம் (2025) அக்டோபர் 1 ஆயுத பூஜை, 20 தீபாவளி. இடையில் 18 நாள். நாளைக்கு மூன்று என்றால் 54, காலிக்கோடுகளைக் கழித்தால் 48. அந்த 48 நிறைந்ததும், ஆயுத பூஜைக்கு முன்னாலேயே நிறைந்தாலும், பலகையை மாட்டிவிடு: ‘தீபாவளி ஆர்டர் முடிந்தது’. நிறையாவிட்டாலும் ஆயுத பூஜை அன்று மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போது மாட்டு. பலகை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தையற்கடையில் அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

கடைசியாக, பாதிக் கூலியை முன்பணமாக வாங்கு. முன்பணம் கொடுத்தவர்தான் கோட்டில் ஏறுவார்.

பதில் 2: சீருடை அக்கா

மதுரை அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் வரிசையில் ஆள் நிற்கிறவர்களுக்கு அது சரி. எல்லோருக்கும் அந்த நிலைமை இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் விழுப்புரம் பக்கம். வீட்டுக்காரர் இறந்த பிறகு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கிடைத்த இலவச மிஷினில் ஆரம்பித்தேன். மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை தைக்கிறோம். துணி சங்கத்திலிருந்து வரும், கூலி முன்பே முடிவானது, பேரம் கிடையாது. அது இல்லாத நாட்களில் தெருவில் வருவதைத் தைப்பேன். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆடியிலும் இல்லை. அந்த மாதங்களில் அரிசிக்கு வழி பார்க்கிறவள் முன்பணம் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. அதனால் முதல் ஒரு வருஷம் எதற்குமே இல்லை என்று சொன்னதில்லை.

பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். புடவைக் கீழ்க்கரையில் ஃபால்ஸ் துணி அடிப்பது, ஓரம் அடிப்பது, ஜிப் மாற்றுவது, பேன்ட் மடித்துத் தைப்பது. இந்தச் சில்லறை வேலைக்கு ஆறு நாளில் இரண்டு நாள் போயிருந்தது. வந்த காசு 400 ரூபாய். அந்த இரண்டு நாளில் ஆறு பிளவுஸ் தைத்திருப்பேன். அந்த வாரத்தோடு சில்லறை வேலையை நிறுத்தினேன். அடுத்த தெருவில் புதிதாக மிஷின் வாங்கிய ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் அனுப்புகிறேன். வருகிறவருக்கும் வேலை நடக்கிறது, அவளுக்கும் கை பழகுகிறது. எனவே, தங்கையே, ஆளைப் பார்த்து மறுக்காதே. எந்த வேலையை விடுவது என்று முதலில் முடிவு பண்ணு. “நான் ஃபால்ஸ் அடிப்பதில்லை” என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் யாருக்கும் மனத்தாங்கல் வர இடமில்லை.

ஒன்றை மட்டும் விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை கிழிந்த சட்டையோடு வந்து நின்றால் அப்போதே தைத்துக் கொடுத்துவிடுவேன், காசும் வாங்குவதில்லை. கோடெல்லாம் பிறகுதான்.

கும்பகோணம் தையல்

இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, அந்தப் பையனை நினைத்து எனக்கும் தூக்கம் வரவில்லை. அக்கா, ஃபால்ஸை இந்த வாரமே நிறுத்துகிறேன்.

ஒரு சந்தேகம். என் நாத்தனார் ஒவ்வொரு தீபாவளிக்கும் நான்கு பிளவுஸ் கொண்டு வருவார், அதுவும் கடைசி வாரத்தில். கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். அவரிடம் பலகையைக் காட்ட முடியுமா?

பதில் 3: வாடிக்கையாளர் பக்கம்

எனக்குத் தைக்கத் தெரியாது. 20 வருஷமாகத் தைக்கக் கொடுக்கிறவள். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

காரணம் சொல்லாதீர்கள். “கழுத்து வலி” என்றால் “மெதுவாத் தைங்க” என்போம். “பையனுக்குப் பரீட்சை” என்றால் “பரீட்சை மார்ச்லதானே” என்போம். “நிறைய இருக்கு” என்றால் “எனக்கு ஒண்ணே ஒண்ணுதானே” என்போம். கெட்ட எண்ணம் இல்லை, ஒரு காரணம் கிடைத்தால் அதைச் சரிசெய்து வேலையை வாங்கிவிடத்தான் தோன்றும். எங்கள் தையல்காரம்மா நோட்டைத் திருப்பிக் காட்டி, “நவம்பர் 3ஆம் தேதி இருக்கு, எழுதட்டுமா?” என்று கேட்பார். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இருக்காது. வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளச் சொல்வேன், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பேன். அவர் சொன்ன தேதியில் ஒரு தடவையும் தவறியதில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அவரிடமே போகிறேன்.

நாத்தனார் விஷயத்தில், இப்போதே போன் பண்ணுங்கள். கடைசி வாரத்தில் பையோடு வந்து நிற்கும்போது சொன்னால் சண்டைதான்.

கும்பகோணம் தையல்

ஆயுத பூஜை முடிந்து இரவு எழுதுகிறேன். மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நோட்டுப் போட்டேன். கடிகாரம் வைத்துப் பார்த்ததில் அண்ணன் சொன்னதைவிட எனக்கு 20 நிமிஷம் அதிகம் ஆகிறது. ஓரத்தில் பைப்பிங் பட்டி வைத்தால் இன்னும் கூடுகிறது. அதனால் நாளைக்கு மூன்று கோடு என்பதை, நடுநடுவே இரண்டாகக் குறைத்து மொத்தம் 42 என்று வைத்துக்கொண்டேன். செப்டம்பர் 26ஆம் தேதியே நிறைந்துவிட்டது. பையன் சார்ட் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான், கேட்டில் கட்டியிருக்கிறேன்.

முதன்முதலாக மறுத்தது டியூஷன் டீச்சரிடம். நோட்டைத் திருப்பும்போது கை நடுங்கியது. “23ஆம் தேதி இருக்கு டீச்சர், எழுதட்டுமா?” என்றேன். “சரி, எழுதிக்கோங்க. தீபாவளிக்கு இருக்கறதைக் கட்டிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பையனின் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இதற்காகவா 11 வருஷம் பயந்தேன் என்று இருந்தது.

நாத்தனாருக்குச் செப்டம்பர் முதல் வாரமே போன் பண்ணினேன். தீபாவளிக்கு ஒன்று தைத்துத் தருகிறேன், மற்ற மூன்றும் கார்த்திகையில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “பெரிய ஆளாயிட்டே” என்றார். வலித்தது. வீட்டுக்காரரிடமும் புகார் போயிற்று. அவர் என் பக்கம் பேசினார் என்பது எனக்கு ஆச்சரியம். மூன்று பிளவுஸும் வேறு கடைக்குப் போய்விட்டன. ஒன்று மட்டும் வந்தது, நோட்டில் ஏறிவிட்டது. கூலியைப் பற்றி இன்னும் பேசவில்லை, அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு வாடிக்கை போய்விட்டது, அதையும் எழுத வேண்டும். ஒருவர் ஆறு வருஷமாக வந்தவர். பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அன்றைக்கு முழுவதும் மனசு சரியில்லை. ஆனால் இரவு பத்தரைக்கு மிஷினை மூடித் துணியைப் போர்த்திவிட முடிகிறது. தோள்பட்டை வலி போகவில்லை, குறைந்திருக்கிறது.

கல்யாண வீட்டு அம்மாவிடம் கூலி வாங்கவில்லை, அதோடு அந்தப் புடவைக்கு ஒத்துப்போகிற பட்டுத்துணியைக் கடை கடையாகத் தேடி வாங்கி வைத்திருக்கிறேன். கரை அப்படியே கிடைக்காது, நிறம் ஒத்துப்போகிறது. சொல்லி அனுப்பியிருக்கிறேன், இன்னும் அவர் வரவில்லை. அக்டோபர் 14ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு கோட்டை அவருக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். நேற்று வரை நான்கு பேர் அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.