வீரபாகு செத்தானா, இல்லையா

குழு: பாட்டியின் பேரப்பிள்ளைகள் (பெரியவர்களும் உண்டு)

வியாழன்

முரளி: சனிக்கிழமை ஆட்டம் உண்டா இல்லையா? இன்று இரவுக்குள் எல்லாரும் சொல்லுங்கள். எட்டு மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்கு வரக் கூடாது.

தீபா: நான் உண்டு

அருண்: உண்டு. ஆனால் 9

செந்தில்: நான் இல்லை

முரளி: ஏன்?

செந்தில்: செத்தவன் எதுக்கு வரணும்

சுந்தர் மாமா: யார் செத்தது?

சுந்தர் மாமா: டேய், யாரடா செத்தது? யாராவது போனை எடுங்கள்

பத்மா சித்தி: அண்ணா, பதறாதீர்கள். விளையாட்டில். சனிக்கிழமை ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்துவார்களே, அது. போன வாரம் நடுராத்திரி என் பிள்ளை "கோடாரியை எடு, கதவுக்குப் பின்னால் நில்" என்கிறான். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அருண்: அம்மா

சுந்தர் மாமா: பகடை உருட்டுகிற விளையாட்டு என்று நிலா சொன்னாளே. பணம் வைத்தா?

முரளி: பணமே கிடையாது மாமா. இதற்குப் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. அதற்கு முன்பு மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாடுவார்கள். படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம் என்று இவர்கள் மாற்றினார்கள். எங்கள் ஆட்டத்தில் கதை சொல்வது நான். "எதிரே ஒரு மதில் இருக்கிறது" என்பேன். அருண் "ஏறுகிறேன்" என்பான். ஏறினானா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருபது பக்கம் கொண்ட பகடை. மதிலுக்கு நான் 15 வைத்திருக்கிறேன் என்று வையுங்கள். அவனுக்கு 11 விழுந்து, ஏறும் திறமை 4 இருந்தால் கூட்டி 15, ஏறிவிட்டான். 10 விழுந்தால் கீழேதான். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டியது. நாம் ஆளுக்கொரு திசையில் இருப்பதால் குரலிலேயே ஆடுகிறோம்.

சுந்தர் மாமா: கடைசியில் யார் ஜெயிப்பது?

முரளி: யாரும் ஜெயிக்க மாட்டார்கள் மாமா. எல்லாரும் ஒரே கட்சி.

சுந்தர் மாமா: அப்புறம் எதுக்குப் பகடை?

தீபா: சகுனிக்கு வேலை வேண்டாமா மாமா

செந்தில்: யாரைச் சொல்கிறாய்

தீபா: பெயர் சொன்னேனா

அருண்: ஒருத்தருக்குத் தொடர்ந்து மூன்று முறை 20 விழுந்ததே, அவரையா

செந்தில்: விழுந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

அருண்: 20 × 20 × 20. எட்டாயிரத்தில் ஒன்று

தீபா: அதுவும் வீட்டில் தனியாக உருட்டிவிட்டு எங்களுக்கு வாயால் சொல்வது

செந்தில்: நிஜப் பகடை கையில் இருந்தால்தான் எனக்கு விளையாடின மாதிரி இருக்கும்.

தீபா: சீட்டாட்டத்தில் ஜோக்கரைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்ட அதே கை

செந்தில்: அப்போது எனக்கு ஏழு வயது. இன்னும் எத்தனை வருஷம் சொல்வீர்கள்? நான் ஏமாற்றுகிறவன் என்றால் சாகும்போது 3, 1 என்றா போடுவேன்?

தீபா: அது அருண் உருட்டியது. உன் நெட் போயிருந்தது

சுந்தர் மாமா: 3, 1 விழுந்தால் சாவா?

முரளி: உயிர்ப்புள்ளி பூஜ்யம் ஆகி விழுந்தவுடன் சாவு இல்லை மாமா. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை. 10 அல்லது அதற்கு மேல் என்றால் தேறல், குறைந்தால் தோல்வி. மூன்று தேறல் சேர்ந்தால் ஆள் நிலைத்துவிடுவான், மூன்று தோல்வி சேர்ந்தால் போய்விடுவான். 1 விழுந்தால் மட்டும் இரண்டு தோல்வியாகக் கணக்கு. 3க்கு ஒன்று, 1க்கு இரண்டு. செந்திலின் பாத்திரம் வீரபாகு இரண்டே சுற்றில் காலி. நேரே 20 விழுந்திருந்தால் ஒரு புள்ளியோடு எழுந்திருப்பான்.

சுந்தர் மாமா: பாவம்

முரளி: இந்த வாரத்திலிருந்து எல்லாரும் ரோல்20இல்தான் உருட்ட வேண்டும். 2012இலிருந்து இருக்கும் தளம். விழுந்த எண் எல்லாருக்கும் தெரியும். வரைபடமும் அங்கேயே இருக்கும்.

செந்தில்: எனக்குப் பகடை பிரச்சினையே இல்லை. கவிதாதான் பிரச்சினை.

பத்மா சித்தி: அவள் என்ன செய்தாள் பாவம்

செந்தில்: ஒன்றுமே செய்யவில்லை, அதுதான். வைத்தியர் என்று பாத்திரம் எடுத்துக்கொண்டு, நான் கீழே கிடக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீரபாகு பத்து மாதம் வளர்த்த ஆள்.

பத்மா சித்தி: கவிதா எப்போதுமே அமைதிதானே. அக்கா வளர்த்த விதம்

தீபா: என்ன விதம் சித்தி

பத்மா சித்தி: நல்ல விதம்தான் சொன்னேன்

கவிதா: நான் சொன்னேன்

பத்மா சித்தி: முரளி, நிலாவையும் சேர்த்துக்கொள். அழுகிறாள். நீங்கள் புது ஆப்புக்கு மாறப் போவதாக அருண் சொன்னான்

முரளி: டிஸ்கார்ட் பார்த்துக்கொண்டிருக்கிறேன் சித்தி. ஆனால் அதில் கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும். அவளுக்கு 11தானே

பத்மா சித்தி: வயதை மாற்றிப் போட முடியாதா?

முரளி: வேண்டாம் சித்தி

அருண்: என் பக்கத்தில் உட்கார்ந்து என் மைக்கிலேயே பேசட்டும்

தீபா: அப்புறம் நீயும் அவளும் மைக்குக்குச் சண்டை போடுவதையும் நாங்கள் கேட்க வேண்டும்

செந்தில்: ஏற்கனவே எக்கோ தாங்கவில்லை

தீபா: உனக்குமா கேட்டது?

செந்தில்: எனக்குக் கேட்கவில்லை. நீங்கள்தான் எக்கோ எக்கோ என்று புலம்பிக்கொண்டே இருந்தீர்கள்

அருண்: ஆ

தீபா: மாட்டினார்

செந்தில்: என்ன?

முரளி: செந்தில், யாருக்கு எக்கோ கேட்கவில்லையோ அங்கிருந்துதான் பெரும்பாலும் வரும். எங்கள் குரல் உன் ஸ்பீக்கரில் வெளியே வருகிறது, உன் மைக் அதைப் பிடித்துத் திரும்ப எங்களுக்கே அனுப்புகிறது. அதனால் நாங்கள் பேசினது எங்கள் காதிலேயே இரண்டாம் முறை விழும். உன் குரல் மட்டும் உனக்குத் திரும்பி வராது. ஹெட்போன் போட்டுக்கொண்டாயா, ஸ்பீக்கரா?

செந்தில்: ஹெட்போன் போட்டால் காது வலிக்கிறது

தீபா: எங்களுக்குப் போடாமலே வலிக்கிறது

அருண்: என்னுடைய ப்ளூடூத் ஹெட்செட்டும் சரியில்லை. மைக்கை இயக்கினவுடனே முரளி அண்ணா கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது

முரளி: மைக் வேலை செய்யத் தொடங்கினால் ப்ளூடூத் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். கேட்கிற ஒலியின் தரமும் அதோடு இறங்கும். வயர் வைத்த ஹெட்செட் போடு, இல்லையென்றால் மைக்கை மட்டும் லேப்டாப்பில் வை.

சுந்தர் மாமா: வீடியோ போட்டால் என்ன? முகம் பார்த்துப் பேசலாமே

தீபா: ஐயோ மாமா. நான் துணி மடித்துக்கொண்டே விளையாடுகிறேன்

முரளி: நெட் தாங்காது மாமா. குரலுக்கு அது கொஞ்சம் போதும். ஆனால் முகம் இல்லாததில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நானே சொல்ல நினைத்தேன். ஒரே மேஜை என்றால் ஒருவர் முன்னால் சாய்ந்தாலே அவர் பேசப் போகிறார் என்று தெரியும். இங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "நீ சொல்", "இல்லை நீ சொல்", மறுபடி இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். கடைசியில் குரல் பெரிசாக இருப்பவருக்கே வாய்ப்பு. அதனால் இனிமேல் ஒவ்வொரு காட்சியிலும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அதுவரை குறைவாகப் பேசினவரை முதலில். நக்கல், கிண்டல் எல்லாம் பக்கத்தில் எழுத்தில் போடுங்கள், குரலில் வேண்டாம். குறிப்பாகத் தீபா.

தீபா: எதிர்க்கிறேன்

முரளி: எழுத்தில் எதிர்.

தீபா: எழுத்தில்தானே எதிர்க்கிறேன்

வெள்ளி

கவிதா: நேற்று நான் சொன்னதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். போன வாரம் நான் பேசினேன். "கதவைத் திறக்காதே, உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறது" என்று மூன்று தடவை சொன்னேன். செந்தில் அண்ணா விழுந்த பிறகு "குணமாக்கும் சொல் மந்திரம் போடுகிறேன்" என்றும் சொன்னேன். காலையில் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். மைக் பகுதியில் ஒரு கோடு இருக்கிறது. குரல் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் மற்றவர்களுக்குப் போகும். என்னுடையது பாதிக்கு மேல் இருந்தது. நான் சாதாரணமாகப் பேசினால் அதைத் தொடவே இல்லை.

அருண்: ஓ

அருண்: அதனால்தான் அக்கா பெயரைச் சுற்றிப் பச்சை வட்டமே வரவில்லை

முரளி: அந்தக் கோட்டை யார் அவ்வளவு மேலே வைத்தது?

கவிதா: ஃபேன் சத்தம் வருகிறது, ஏற்று ஏற்று என்று ஒரு நாள் ஒருத்தர் சொல்லிக்கொண்டே இருந்தாரே

தீபா: செந்தில்

செந்தில்: ஃபேன் சத்தம் வந்தது உண்மை

தீபா: இந்த வீட்டில் அந்தக் கோடு எப்போதுமே கவிதாவுக்கு மட்டும் மேலேதான்

பத்மா சித்தி: ஆரம்பிக்காதே தீபா

முரளி: இதில் வேடிக்கை என்னவென்றால், குணமாக்கும் சொல்லுக்குக் கை அசைக்க வேண்டாம், எந்தப் பொருளும் வேண்டாம். வாயால் சொன்னால் போதும். 60 அடி தூரத்திலிருந்துகூட வேலை செய்யும்.

தீபா: 60 அடிக்குக் கேட்கும், ஹெட்போனில் கேட்காது

செந்தில்: இருங்கள். அவள் சொன்னாள் என்றால் சொன்னதுதான். மந்திரம் செல்லும். வீரபாகு சாகவில்லை.

தீபா: நேற்று அவள்தான் பிரச்சினை என்றாயே

செந்தில்: நேற்று எனக்குத் தெரியாது. கவிதா பொய் சொல்ல மாட்டாள். முரளி அண்ணா, தீர்ப்பு சொல்லுங்கள்.

கவிதா: மந்திரம் செல்லும் என்றால் "கதவைத் திறக்காதே" என்றதும் செல்லும் அல்லவா

செந்தில்: அதற்கென்ன?

கவிதா: அப்படியென்றால் வீரபாகு கேட்டுவிட்டுத்தான் திறந்திருக்கிறான்

அருண்: ஐயோ அக்கா

தீபா: மூன்று தடவை கேட்டுவிட்டு

செந்தில்: வீரபாகுவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போரில் அடிபட்டது.

முரளி: அப்படி உன் குறிப்பில் இல்லை

செந்தில்: இன்று சேர்த்துவிட்டேன்

சுந்தர் மாமா: அவன் பிழைக்கட்டும் முரளி. சின்னப் பையன்

செந்தில்: எனக்கு முப்பத்தாறு மாமா

சுந்தர் மாமா: வீரபாகுவைச் சொன்னேன்

முரளி: நடந்த காட்சியைத் திருப்பி எழுதினால் அப்புறம் எல்லாவற்றுக்கும் கேட்பீர்கள். போன மாதம் தீபா ஆற்றில் விட்ட சாவிக்கும். யோசிக்கிறேன்.

தீபா: அந்தச் சாவி எனக்குத் திரும்ப வேண்டும்

முரளி: பார்த்தீர்களா?

சுந்தர் மாமா: நானும் சேரலாமா? பேசுகிற வேலை ஏதாவது இருந்தால். சண்டை வேண்டாம், முழங்கால் சரியில்லை

அருண்: மாமா, அங்கே முழங்கால் எல்லாம் சரியாக இருக்கும்

முரளி: கதவுக்குப் பின்னால் இருக்கும் மிருகத்துக்குக் குரல் வேண்டும் மாமா. உங்கள் குரலுக்கு எந்தக் கோடும் பிரச்சினை இல்லை.

பத்மா சித்தி: சத்தம் இன்னும் கூடப் போகிறதா?

முரளி: கவிதா, இப்போது கால் போட்டிருக்கிறேன். கோட்டைக் கீழே இறக்கிவிட்டுப் பேசிப் பார்

கவிதா: பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா

முரளி: இன்னும் இறக்கு

முரளி: ஆ, வந்துவிட்டது. அது என்ன, ஃபேனா?

செந்தில்: நான் அப்போதே சொன்னேன்

சுந்தர் மாமா: எட்டு மணியா ஒன்பது மணியா, அதைச் சொல்லுங்கள். மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவேன்

முரளி: எட்டு

அருண்: 9

தீபா: எட்டரை என்று போடுங்கள், எப்படியும் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள்

செந்தில்: நான் பிழைத்தேனா இல்லையா என்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் வருகிறேன்