நான்கு வயதுக் குழந்தையைக் கும்மிப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி (பெருந்துறை, ஒரு தாய்):
மகளுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் திடலில் மாலையில் நடக்கும் வள்ளி கும்மிப் பயிற்சிக்கு அவளை அனுப்பச் சொல்கிறார் அவளுடைய அம்மாயி (என் அம்மா). பரதநாட்டியம்தான் நல்லது என்கிறார் என் கணவர். நன்றாக ஓடுகிறாள், ஆனால் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் சாய்ந்துவிடுகிறாள். மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைக்கிறாள். நடனம் இதற்கு உதவுமா, அல்லது மூட்டுகளுக்குக் கெடுதலா?

பதில் 1 (கோவை, இயன்முறை சிகிச்சையாளர்):
உதவும், சகோதரி. கும்மியில் வலக் காலைத் தூக்கி வைக்க வேண்டுமானால், அந்த நொடியில் உடம்பின் எடை முழுவதையும் இடக் கால் தாங்கியாக வேண்டும். உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படும் பயிற்சி இதுவே. குனிந்து கை தட்டி நிமிரும்போது தலையின் நிலை மாறுவதை உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உணர, கண்ணும் தசைகளும் அதற்கேற்ப உடம்பை நிறுத்தப் பழகுகின்றன. கை ஒரு வேலையையும் கால் வேறொரு வேலையையும் ஒரே தாளத்தில் செய்வது இந்த வயதில் எளிதன்று. தப்பும் தவறுமாக ஆடினாலும் பரவாயில்லை.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலசைவில் இருக்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. ஆனால் படி இறங்கும் விதம் சில மாதங்களில் மாறாவிட்டாலோ, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுந்தாலோ, நடனத்தை நம்பிக் காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2 (ஈரோடு, பரதநாட்டிய ஆசிரியை):
உங்கள் கணவர் விருப்பத்துக்கு அவசரம் வேண்டாம். அரைமண்டியில், அதாவது முழங்கால்களை மடித்துப் பாதி உட்கார்ந்தபடி ஆடும் பரதநாட்டிய நிலையில், கால்கள் இடுப்பிலிருந்து வெளிப்புறம் திரும்ப வேண்டும். சிறு குழந்தைகள் இடுப்பை விட்டுவிட்டு முழங்காலையும் பாதத்தையும் திருகிக்கொள்வார்கள். சலங்கை பூசைக்கு (முதன்முதலாகச் சலங்கை கட்டி ஆடும் விழா) நாள் குறிப்பதற்காகச் சிமெண்டுத் தரையில் நெடுநேரம் தட்டடவு (பாதத்தால் தரையைத் தட்டி ஆடும் அடிப்படை அசைவு) போடச் சொல்லும் வகுப்புகளை நான் ஏற்பதில்லை. பரதநாட்டியத்துக்கு ஏழு வயது வரை பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பதில் 3 (மேட்டுப்பாளையம்):
எங்கள் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த வள்ளி கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகு, கும்மி கற்க வரும் கூட்டம் பெருகியிருக்கிறது. அரங்கேற்றத்தில் பெரியவர்கள் மணிக்கணக்கில் ஆடுவார்கள். அந்த வேகத்துக்குப் பிள்ளையை இழுக்காதீர்கள். முதல் சில பாட்டுகளுக்கு மட்டும் ஆடவிட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையைவிட மண் திடலே நல்லது. கல், முள் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.