83 டிகிரியைத் தொடும் ஆர்டிஎக்ஸ் 3060: அட்டையின் வடிவமைப்புக் குறையா, மதுரை வெயிலா?

கேள்வி (திருநகர்):
வணக்கம். கணினியில் இரண்டு விசிறிகள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டையை மூன்றாண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து, அரை மணி நேரம் ரெண்டரிங் (காட்சிகளைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலை) ஓடினாலே சிப்பின் வெப்பம் 83 டிகிரியையும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 108 டிகிரியையும் எட்டி, சிப்பின் கடிகார வேகம் (இயங்கும் வேகம்) இறங்கிவிடுகிறது. இதே அட்டையை 22 டிகிரி அறையில் சோதித்தவர் 69 டிகிரிதான் காட்டியிருந்தார். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) போதவில்லை என்று கருதி மூன்று விசிறி அட்டைக்கு மாறலாமா?

பதில் (திருமங்கலம்):
அவசரப்பட வேண்டாம். உங்கள் அறையின் வெப்பம் எவ்வளவு?

கேள்வியாளர்:
மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை. பிற்பகலில் 36 டிகிரி.

பதில் (திருமங்கலம்):
அப்படியானால் கணக்கு நேராகிவிடுகிறது. காற்றால் குளிரும் எந்த ஹீட்சிங்க்கையும், அறைக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுகிறது என்று பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்; அவருக்கும் 47, உங்களுக்கும் 47. 170 வாட் அட்டைக்கு இது மோசமில்லை. 83 டிகிரியை எட்டியதும் வேகம் குறைவதும் அந்த அட்டையின் இயல்பான ஏற்பாடுதான். ஆனால் சிப்புக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே 25 டிகிரி வித்தியாசம் இருப்பதற்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. பொதுவாக அது 10 முதல் 15 வரைதான் இருக்கும். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். சிப்பின் வெப்பம் நன்றாக இறங்கினால் கேபினெட்டின் காற்றோட்டம் போதாது; வித்தியாசம் அப்படியே நின்றால், சிப்பிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் கெட்டிருக்கிறது.

பதில் (தேனி):
பிரிப்பதானால் ஒரு எச்சரிக்கை: நினைவகச் சில்லுகளின் மேலுள்ள தெர்மல் பேடுகளை (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டுகளை) கிழிக்காதீர்கள். தடிமன் கூடிய பேடை மாற்றி வைத்தால் ஹீட்சிங்க் சிப்பின் மீது சரியாகப் படியாது. நான்கு திருகுகளையும் குறுக்கு மூலைகளாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

கேள்வியாளர்:
பலகையைக் கழற்றியும் 2 டிகிரிதான் இறங்கியது, வித்தியாசம் மாறவில்லை. பிரித்தபோது பேஸ்ட் ஓரங்களுக்கு ஒதுங்கி, சிப்பின் நடுப்பகுதி கண்ணாடிபோலப் பளபளத்தது. கீழ்வீட்டில் தையல் இயந்திரம் ஓடுவதால், தகடுகளுக்கிடையே பஞ்சு கம்பளித்துண்டு போலப் படிந்திருந்தது. இரண்டையும் சரிசெய்தபின், அதே பிற்பகல் வெப்பத்தில் சிப் 79, ஹாட்ஸ்பாட் 92.

பதில் (திருமங்கலம்):
இனி அட்டையின் ஆற்றல் வரம்பை (அது இழுக்கக்கூடிய அதிகபட்ச மின்திறனை) 85 விழுக்காட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 145 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். ரெண்டரிங் நேரம் சற்றே நீளும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை அது போதும்.